பிடித்தேன் என்றுதானே சொன்னாய்

என் மகளுக்கு,

கடிதம் எழுதி எத்தனையோ காலமாகிவிட்டது. போன் வந்த பிறகு நான் பேனாவை எடுப்பது கையெழுத்துப் போட மட்டும்தான். ஆனால் போனில் என் முறை வருவதற்குள் உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிடுகிறாள். எனக்கு மிஞ்சுவது "சாப்பிட்டியாம்மா" என்ற ஒரு கேள்வியும் "சாப்பிட்டேன்ப்பா" என்ற ஒரு பதிலும்தான். போன ஞாயிற்றுக்கிழமை நீ அழுதுகொண்டே சொன்னதற்கு அந்த ஒரு கேள்வி போதவில்லை. அதனால் அம்மா கோயிலுக்குப் போயிருக்கும் இந்த நேரத்தில் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் தாள்களைப் போட்டோ எடுத்து அனுப்புவேன். லொறி ஓட்டிய கை. எழுத்து நம் பசறை ரோடு மாதிரி மேடும் வளைவுமாகத்தான் இருக்கும். நிதானமாகப் படி.

நீ சொன்னதை முதலில் நானே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா என்று நீயே பார். நீ வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் டோரதி என்று ஒரு வயதான அம்மா. அந்த வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று நீ போன புதிதில் சொன்னபோது உன் அம்மா காதைப் பொத்திக்கொண்டாள், ஞாபகமா? அவரைக் குளிப்பாட்டி முடித்துத் துவாயைச் சுற்றும்போது அவர் கால் வழுக்கிவிட்டது. விழுந்திருந்தால் தலை சுவரில் இருந்த குழாயில் போய் மோதியிருக்கும். நீ அவருடைய மேல்கையைப் பிடித்து நிறுத்திவிட்டாய். கால் வழுக்கியதை அன்றே மேலே சொல்லிவிட்டாய். அப்போது கையில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வெங்காயச் சருகு மாதிரித் தோல், அடுத்த நாள் அதில் உன் விரல்கள் ஊதா நிறத்தில் அப்படியே பதிந்திருந்தன. அவருடைய மகன் பார்க்க வந்தார். இது என்ன என்று கேட்டார். அப்பா அம்மாவிடம் சொல்வதுபோல நீ உள்ளதைச் சொன்னாய். தமிழில் நினைத்து இங்கிலீசில் சொன்னாய். "ஐ கிராப்ட் ஹெர்" என்றாய்.

அந்த ஒரு சொல்லில் அவர் முகம் மாறிவிட்டது என்றாய். கிராப் என்றால் அங்கே முரட்டுத்தனமாகப் பாய்ந்து பிடிப்பது, பறிப்பது என்றும் எடுத்துக்கொள்வார்களாம். உனக்கு அது தெரியவில்லை. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வேலை போனால் அந்த நாட்டில் இருக்கவும் முடியாது. அந்தச் சின்ன அறையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அந்த நாட்களில்கூட ஞாயிறு தவறாமல் எங்களுக்கு போன் எடுத்து, "இன்னைக்கு கோழிக்கறி ஆக்கினேன்ப்பா" என்று சிரித்தாயே, அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். நீ இதைச் சொல்லி அழுதபோது உன் அம்மாவுக்குப் பாதி விளங்கவில்லை. போனை வைத்த பிறகு என்னிடம் கேட்டாள், "ஏங்க, கிராப்புன்னா முடி வெட்டுறதுதானே? அந்தக் கெழவி முடிய நம்ம புள்ள ஏன் வெட்டுச்சு?" என்று. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. விளக்கிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கடைசியில் நல்லபடியாக முடிந்தது என்று நீ சொன்ன இடத்தை நான் மனத்துக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். மேனேஜர் அம்மா ஒரு பக்கம், அந்த மகன் ஒரு பக்கம், நடுவில் நீ. அவர்கள் ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கேட்கிறார்கள். கிராப் பண்ணினாயா, கிரிப் பண்ணினாயா, ஹோல்ட் பண்ணினாயா? உனக்கு எல்லாம் ஒன்றுதான். நீ திரும்பத் திரும்ப "பிடித்தேன்" என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாய். பிறகு மேனேஜர் மேசையைச் சுற்றி வந்து உன் முன்னால் நின்று, "வாயால் வேண்டாம், என் கையில் காட்டு" என்றாராம். நீ தயங்கினாய். அவர் பேசிக்கொண்டே திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தார். உன் கை தானாகப் போய்விட்டது. ஒன்று அவர் முழங்கைக்கு மேலே, மற்றது முதுகில். அவர் அந்த மகனைத் திரும்பிப் பார்த்து, "ஷி ஸ்டெடீட் ஹெர்" என்றாராம். விழப்போனவரை நிலைநிறுத்தினாள் என்று. அந்த மகன் எழுந்து வந்து உனக்குக் கை கொடுத்தார். அந்த இடத்தில் நான் இங்கே உட்கார்ந்துகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டேன். லொறிக்காரன் காலமெல்லாம் சொன்ன சொல்தானே அது! பின்னால் மூட்டை ஏற்றுகிறவனிடம் "ஸ்டெடியா புடிப்பா" என்று எத்தனை முறை கத்தியிருப்பேன். உனக்கு அதைச் சொல்லிக் கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் நீ அதோடு நிறுத்தவில்லை. "வேலைக்குத் திரும்பப் போறேன்ப்பா. ஆனா இப்ப யாராச்சும் தடுமாறினா என் கை பாதியில நின்னுடுது. புடிக்கவே பயமா இருக்கு. பேசாம ஊருக்கே வந்துடலாமான்னு இருக்கு" என்றாய். நான் என்ன சொன்னேன்? "யோசிச்சு செய்ம்மா" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். நீ ஊருக்கு வந்துவிடலாமா என்று கேட்ட அந்த நொடியில் என் மனசு துள்ளிவிட்டது. ஹாலிஎல ஸ்டேஷனில் நீ ரயிலைவிட்டு இறங்குவதாகவும், நான் பெட்டியை வாங்குவதாகவும், அம்மா வீட்டில் தோசைக்கு ஊறப்போட்டிருப்பதாகவும் ஒரு கணத்தில் எல்லாம் வந்துவிட்டது. மகள் பயந்துபோய் நிற்கிறாள், அப்பன் உள்ளுக்குள் சந்தோஷப்படுகிறான். அது நியாயமா? நியாயமோ இல்லையோ, ஆசை அப்படித்தான் இருக்கிறது. அன்று முழுக்க நான் அந்த ஆசையோடுதான் சுற்றினேன். உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அவளும் அதையே வைத்துக்கொண்டுதான் சுற்றியிருக்கிறாள் என்பது அவள் உன் கட்டில் மெத்தையை வெயிலில் போட்டதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

புதன்கிழமை அம்மாவுக்கு கிளினிக் நாள். பதுளைக்குப் போனோம். இப்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவளுக்கு முழங்கால் மடங்குவதில்லை. எனக்குக் கண் கொஞ்சம் மங்கல். அதனால் டவுனில் நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறோம். கல்யாணமான புதிதில் தேர்த் திருவிழாவுக்குப் போனால்கூட அவள் எனக்குப் பத்தடி பின்னால் வருவாள். இப்போது பஜாரில் எல்லோரும் பார்க்க என் விரலைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா போங்க, எங்க ஓடுறீங்க" என்கிறாள். வயதானதில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டென்றால் அது இதுதான். மருந்து எடுத்த பிறகு அவளை ஒரு கடையில் உட்கார வைத்து வடையும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் புத்தகக் கடைக்குப் போய் இங்கிலீசு தமிழ் அகராதி ஒன்று கேட்டேன். கடைக்காரர், "பேரப்புள்ளைக்கா ஐயா?" என்றார். "இல்லைங்க, எனக்கு" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீ சொன்ன சொற்களையும் அவற்றோடு சேர்ந்த சொற்களையும் தேடினேன். ஹோல்ட் என்பதற்குப் பிடி என்று போட்டிருந்தது. கிராப் என்பதற்கும் பிடி, கூடவே பறி என்று. கிரிப் என்றால் இறுகப் பிடி. கிராஸ்ப் என்றாலும் இறுகப் பிடி. கிளட்ச் என்றால் இறுகப் பற்றிக்கொள். கிளிங் என்றால் ஒட்டிக்கொள், விடாமல் பற்றிக்கொள். பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. அவர்கள் எவ்வளவு அழுத்தம், என்ன நோக்கம், யாருக்குப் பயம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். நாம் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோம். கோழியைப் பிடிக்கிறோம், பஸ்ஸைப் பிடிக்கிறோம். குழந்தை அடம் பிடிக்கிறது, சளி பிடிக்கிறது, மழை பிடிக்கிறது. மனசுக்குப் பிடிக்கிறது என்பதும் அதே சொல்தான். எந்தப் பிடி என்று நமக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியும், முகத்தைப் பார்த்தால் தெரியும், அதனால் சொல்லுக்கு வேலை இல்லை. உன் முகத்தைப் படிக்கத் தெரியாத ஊரில் சொல் ஒன்றுதான் நிற்கிறது. அது உன் குற்றம் இல்லை, அவர்கள் குற்றமும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கிளட்ச் என்ற சொல்லை நான் எத்தனையோ வருடம் காலுக்கடியில் வைத்து மிதித்திருக்கிறேன். தேயிலைக் கொழுந்து லொறியில் மலையிலிருந்து கொழுந்து அரைக்கிற ஸ்டோருக்கும், ஸ்டோரிலிருந்து டவுனுக்கும் போகும்போது ஒவ்வொரு வளைவிலும் மிதித்திருக்கிறேன். அது ஒரு சாமானின் பெயர் என்றே இருந்தேன். அதற்கு இறுகப் பற்றிக்கொள் என்று ஓர் அர்த்தம் இருப்பது இந்த வயதில்தான் தெரிகிறது. லொறிக்காரனுக்கு அந்த அர்த்தம் சரியென்று உடனே பட்டுவிட்டது. கிளட்சிலிருந்து காலை எடுத்தால்தான் என்ஜினும் சக்கரமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியில்தான் வண்டி மேடேறும். கிரிப் என்பதும் எங்களுக்கு டயரில் உள்ளது. டயர் தேய்ந்துபோய் மழைக்காலத்தில் வண்டி வழுக்கினால், "கிரிப் இல்லைங்க துரை, டயர் மாத்தணும்" என்று போய் நிற்போம். கிரிப் இருக்கிற டயரைக் குறை சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உனக்கு இது கொஞ்சம் ஞாபகம் இருக்கலாம். நீ தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை முடித்து பதுளையில் படிக்கப் போன முதல் வருடம். ஐப்பசி மழை. காலையில் நீ போகும்போது தூறல்தான். மத்தியானத்துக்குள் வானம் பொத்துக்கொண்டது. மேல் மலையில் மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது, லொறி ஸ்டோரிலேயே நின்றுவிட்டது. உன் பஸ் சந்தியோடு திரும்பிவிடும் என்று தெரிந்து உன் அம்மா, மலையில் கொழுந்துக் கூடையை அப்படியே போட்டுவிட்டு, தலையில் போட்ட சாக்கோடு சந்திக்கு ஓடியிருக்கிறாள். உன்னைக் கூட்டிக்கொண்டு குறுக்கு வழியாக வந்தாள். குறுக்கு வழியில்தான் அந்த ஓடை. சாதாரண நாளில் கணுக்கால் நனையாது. மேலே இரண்டு மரத்தைப் போட்டுப் பலகை அடித்த பாலம். நான் நம் லயத்து வீட்டுப் பக்கத்திலிருந்து உங்களைத் தேடி இறங்கி வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் அந்தப் பலகையில் பாதி தூரம் வந்துவிட்டீர்கள். தண்ணீர் பலகைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. தேயிலைச் செடிகள் வேரோடு வந்துகொண்டிருந்தன. திரும்பிப் போ என்று கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அப்போது ஒரு பலகை போய்விட்டது. நீ இடுப்பளவு தண்ணீருக்குள் போனதை நான் பார்த்தேன். உன் வெள்ளைச் சட்டை மண் நிறமானதைப் பார்த்தேன். உன் அம்மா குப்புற விழுந்து, ஒரு கையால் மரத்தை அணைத்துக்கொண்டு மறு கையால் உன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நீ கொடியில் காயும் சேலை மாதிரி தண்ணீரில் இழுபட்டாய். நான் தவழ்ந்து தவழ்ந்து அந்த மரத்தில் வந்து சேர எவ்வளவு நேரமானதோ தெரியாது. வந்து உன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினேன். உன் அம்மா அந்த நேரம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. கரையேறி, உன்னை மடியில் போட்டு, உன் தலையைத் துவட்டும்போதுதான், "செருப்பு ஒண்ணு போயிருச்சு, திட்டாதீங்க" என்றாள். அவள் திட்ட வேண்டாம் என்று சொன்னது உன் செருப்புக்காகத்தான். அவளுடைய இரண்டும் போயிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

மழை விட்டு ரோடு திறந்து நீ பள்ளிக்கூடம் போனபோது உன் மணிக்கட்டில் அம்மாவின் விரல்கள் இருந்தன. கறுப்பாக, நகம் பட்ட இடத்தில் காயத்தோடு. வகுப்பு டீச்சர் பார்த்துவிட்டு யார் அடித்தது என்று கேட்டிருக்கிறார். நீ, "அம்மா புடிச்சாங்க டீச்சர்" என்றாய். அவருக்கு அது போதவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளை வீட்டில் அடிப்பார்கள் என்று ஒரு எண்ணம் அவருக்கு. அம்மாவை வரச் சொன்னார். உன் அம்மா காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்காமல் அரை நாளை விட்டுவிட்டு, கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். நானும் கூடப் போனேன். டீச்சர் உன் கையைத் தூக்கிக் காட்டி, "இது நீங்க செஞ்சதா?" என்றார். உன் அம்மா தலையைக் குனியவில்லை. "ஆமாங்க டீச்சர், நான்தான். அன்னைக்கு விட்டிருந்தா இந்தத் தழும்பு இருந்திருக்காது. புள்ளையும் இருந்திருக்காது" என்றாள். பிறகு நான் நடந்ததைச் சொன்னேன். டீச்சர் உன் கையை மெதுவாகக் கீழே வைத்தார். "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று தன் சோற்றுப் பார்சலைப் பிரித்தார். உன் அம்மா வேண்டாம் என்றுவிட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டில்தான் அழுதாள். புள்ளைக்கு வலித்திருக்குமே என்று அழுதாள். வேறெதற்கும் இல்லை.

மகளே, இதைச் சொல்வது உனக்குத் தைரியம் கொடுக்கத்தான். டோரதி அம்மாவின் கையில் நீ பதித்த விரலும் உன் கையில் உன் அம்மா பதித்த விரலும் ஒரே ஜாதி. நிதானமாக, அழகாக, வலிக்காமல் பிடிப்பதற்கு நேரம் இருந்தால் அப்படிப் பிடி. அங்கே அதற்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று சொன்னாய், நல்லது, நன்றாகக் கற்றுக்கொள். ஆனால் கால் வழுக்குகிற நேரத்தில் யாரும் நேரம் கொடுக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் கை போக வேண்டும். சொல்லை அப்புறம் தேடிக்கொள்ளலாம். தப்பான சொல்லைச் சொல்லிவிட்டால் திருத்திக்கொள்ளலாம், அதற்கு அகராதி விற்கிறார்கள். பாதியில் நின்றுபோன கைக்கு அப்படி ஒன்றும் விற்பதில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். உனக்குக் கஷ்டம் வரும்போது கோழிக்கறி ஆக்கியதாகச் சொல்லாதே. நாங்கள் தூரத்தில் இருக்கிறோம், ஒன்றும் செய்ய முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் நீ அழுவது எங்களுக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் நாங்கள் இங்கே சிரித்துக்கொண்டு டிவி பார்த்தோம் என்பதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

ஊருக்கு வருவதா இருப்பதா என்பதை நான் சொல்லக் கூடாது. நான் சொன்னால் அது உன் நன்மைக்காகச் சொன்னதா, என் ஆசைக்காகச் சொன்னதா என்று எனக்கே தெரியாது. பயத்தில் வராதே, அவ்வளவுதான். பயத்தில் வந்தால் அந்தப் பயத்தையும் கூடக் கொண்டுவருவாய். எங்களைப் பார்க்க மனசு தேடுது என்று வந்தால், எந்த நாளும் வா.

இவ்வளவு எழுதி வைத்திருந்தேன். போட்டோ எடுக்கக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போது உன் போன் வந்துவிட்டது. கோயிலிலிருந்து வந்துவிட்ட அம்மாதான் வழக்கம்போல எடுத்தாள். ஆனால் நீ, "அம்மா, போனை அப்பாகிட்ட குடுங்க, முதல்ல அப்பாகிட்ட சொல்லணும்" என்றாயாம். அவள் முறைத்துக்கொண்டே நீட்டினாள்.

நீ மறுபடி வேலைக்குப் போன முதல் நாள். டோரதி அம்மாவை நாற்காலியிலிருந்து எழுப்பிச் சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிப்போக வேண்டும். நீ ஒதுங்கி நின்றுகொண்டு, வேறொரு பெண்ணைக் கூப்பிட்டாய். அந்தப் பெண் வந்து கையை நீட்டினாள். அந்த அம்மா அவளைப் பார்க்கவே இல்லை. அவருக்குப் பாதி நாள் தன் பெயரே ஞாபகம் இருக்காது என்று நீ சொல்வாயே, அவர் சாய்ந்து எட்டி, உன் பக்கமாகக் கையை நீட்டினார். தழும்பு இன்னும் மஞ்சளாகத் தெரிகிற அதே கையை. "நான் யோசிக்கலப்பா. புடிச்சிட்டேன். அவங்களும் புடிச்சிக்கிட்டாங்க. மேசை வந்த பிறகும் விடல. அவங்க சூப் குடிச்சு முடிக்கிறவரைக்கும் நான் ஒரு கையாலதான் எல்லா வேலையும் செஞ்சேன்" என்று சொன்னாய். உன் குரலில் சிரிப்பு இருந்தது. உண்மையான சிரிப்பு. உன் சிரிப்பு எனக்குத் தெரியும்.

"அது கிளிங்ம்மா" என்றேன். "என்னாப்பா?" என்றாய். "அகராதி பார்த்தேன்" என்றேன். பிறகு, "நான் இங்கயே இருந்து பார்க்கிறேன்ப்பா" என்றாய். "ஆமாம்மா, இரு" என்றேன். நல்லபடியாகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து, அவள் மறுபடி வெயிலில் போட்டிருந்த மெத்தையை உள்ளே எடுத்துப் போட்டேன். மழை வரும் போலிருந்தது. அம்மா பேசி முடித்துவிட்டு வந்து கட்டிலைப் பார்த்தாள். "எடுத்துட்டீங்களா" என்றாள். "எடுத்துட்டேன்" என்றேன். அவள் போர்வையை உதறி மடித்து அதன் மேலேயே வைத்தாள். சித்திரைக்காவது புள்ள வரும் என்று அவள் சொன்னது எனக்கா, போர்வைக்கா தெரியவில்லை. லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார். கிடைக்காவிட்டால் பரவாயில்லை. கேட்டுப் பார்.

நீ வந்தால் நான் செய்ய நினைத்திருக்கிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நேரில் சொல்ல எனக்கு வராது. இந்த ஊரில் வளர்ந்த மகளை அப்பன் கட்டிப்பிடிக்கிற வழக்கம் இல்லை. சினிமாவில் பிடிப்பார்கள், நாங்கள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்வோம். நீ போன அன்று கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் அதுகூட முடியவில்லை. உன் அம்மா உன்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், உன் முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள். நான் உன் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டு சரியா என்று இழுத்துப் பார்த்தேன். சக்கரத்தை உருட்டிப் பார்த்தேன். பெயர் ஒட்டிய தாள் நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று தேய்த்துப் பார்த்தேன். போகிறவர்களை மட்டும் விடுகிற கதவு வரை வந்தோம். "போயிட்டு வர்றேன்ப்பா" என்றாய். "கவனம்மா" என்றேன். நீ போகவில்லை, நின்றுகொண்டே இருந்தாய். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். பிள்ளை ஏன் போகாமல் நிற்கிறது, ஏதாவது மறந்துவிட்டதா என்று நான் யோசித்தேன். நீ குனிந்து, மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி, "அப்பா, பெட்டிய விடுங்கப்பா" என்றாய். நீ வரும்போது பெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுத்தான் உன் முன்னால் நிற்பேன்.

உன் அப்பா